மூன்றாவது வண்டியில் ஸ்லம்ப் 60தான் வந்தது, டிரைவர் ஹோஸைத் திறந்துவிட்டார். என்ன செய்திருக்க வேண்டும்?

பாளை சைட்:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு வேலையில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். டிப்ளமோ சிவில். கான்ட்ராக்டரிடம் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. போன வாரம் முதல் மாடித் தளம் போட்டோம். அதில் நடந்ததைப் பற்றித்தான் கேட்கிறேன். அடுத்த மாடிக் காங்கிரீட் வருவதற்குள் எனக்குத் தெளிவு வேண்டும்.

தளம் 125 மி.மீ. கனம், சுமார் 1,500 சதுர அடி. பீம்களையும் சேர்த்து 24 கன மீட்டர் கணக்கு வந்தது. எம்25 என்ற வலிமை கிரேடு, ரெடிமிக்ஸ், ஆறு ஆறு கன மீட்டராக நான்கு வண்டி. பம்ப்பைத் தெருவில் நிறுத்தி பைப் லைனை மேலே கொண்டுபோனார்கள். சலானில் ஸ்லம்ப், அதாவது கோன் அச்சைத் தூக்கியதும் காங்கிரீட் உட்காருகிற அளவு, 120 மி.மீ. என்று போட்டிருந்தது.

எங்கள் ஸ்டோரில் ஸ்லம்ப் அளக்கிற கோன் ஒன்று மூலையில் கிடந்தது. உள்ளே பழைய சிமென்ட் ஒட்டிக் காய்ந்திருந்ததைப் பார்த்தால் யாரும் ரொம்ப நாளாகத் தொட்டதாகத் தெரியவில்லை. சுரண்டிக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். முதல் வண்டி 130. இரண்டாவது 110. சரி, நன்றாகப் போகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்புறம் பைப் ஜாயின்ட்டில் ஒரு கிளாம்ப் விட்டுப்போய் பம்ப் நின்றுவிட்டது. மூன்றாவது வண்டி வெயிலில் வாசலிலேயே சுற்றிக்கொண்டு நின்றது. சலானில் லோடு ஆன நேரம் 11.10. லைன் சரியாகி, வண்டி பம்ப்புக்குப் பின்னால் வந்து நின்றபோது 12.50. கோன் வைத்தேன், 60.

பம்ப் ஆபரேட்டர் பார்த்த மாத்திரத்திலேயே "இது லைன்ல போகாது" என்றார். டிரைவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டி டேங்க்கில் இருந்த ஹோஸை எடுத்து டிரம்முக்குள் விட்டுவிட்டார். நான் வேண்டாம், வேண்டாம் என்கிறேன்; மேஸ்திரி மேலே நின்றுகொண்டு "இன்னும் கொஞ்சம் விடு" என்று கத்துகிறார். எத்தனை லிட்டர் போனது என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. வீட்டு ஓனர் வேறு பக்கத்தில் நின்று, "தண்ணி விட்டா நல்லா பரவுது பாருங்க, நல்லதுதானே" என்றார். மறுபடி கோன் வைத்தபோது காங்கிரீட் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. அதற்குள் பாதி வண்டி மேலே போய்விட்டது. நான்காவது வண்டி 125, அதில் வம்பு எதுவும் இல்லை.

60 வந்த வண்டியைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டுமா? அனுப்பியிருந்தால் ஏற்கெனவே போட்ட காங்கிரீட் இறுகி நடுவில் ஜாயின்ட் விழுமே, அது இதைவிட மோசமில்லையா? சரிந்து விழுந்த கோனை நோட்டில் என்னவென்று எழுதுவது? கடைசியாக ஒன்று: காலேஜில் கோனை நான்கு அடுக்காக நிரப்ப வேண்டும், அடுக்குக்கு 25 குத்து என்று படித்தோம். பிளாண்ட்டிலிருந்து வந்த பையன் மூன்று அடுக்குதான் போடுகிறான். "இப்பல்லாம் இப்படித்தான் மேடம்" என்கிறான். எது சரி?

—

பிளாண்ட் ஆள்:

மேடம், நான் ரெடிமிக்ஸ் பிளாண்ட்டில் க்யூசி (தரக் கட்டுப்பாடு) பார்ப்பவன். உங்கள் ஊர்ப் பக்கம் இல்லை, அதனால் தைரியமாகப் பேசலாம்.

அந்தப் பையன் சொன்னது சரிதான். நான்கு அடுக்கு என்பது காங்கிரீட் சோதனைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1199-ன் 1959 பதிப்பு. 2018-ல் அதைப் பல பாகங்களாகப் பிரித்துத் திருத்திவிட்டார்கள். ஸ்லம்ப் இரண்டாம் பாகத்தில் வருகிறது. மூன்று அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் 25 குத்து. கோனின் அளவு மாறவில்லை: உயரம் 300, அடியில் 200, மேலே 100 மி.மீ. குத்தும் கம்பி 16 மி.மீ. கனம், நுனி உருண்டையாக இருக்க வேண்டும். சைட்டில் கிடக்கிற 12 எம்எம் கம்பித் துண்டை எடுத்துக் குத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வண்டி விஷயம். நேரத்தைக் காட்டி நீங்கள் அதைத் திருப்பியிருக்க முடியாது. ரெடிமிக்ஸுக்கான ஐஎஸ் 4926 லோடு ஆனதிலிருந்து இரண்டு மணி நேரம் தருகிறது, உங்களுக்கு ஆனது ஒன்று நாற்பது. ஆனால் ஸ்லம்பைக் காட்டித் திருப்பலாம். ஆர்டர் செய்த ஸ்லம்பில் 25 மி.மீ. அல்லது மூன்றில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்குத்தான் கூடக்குறைய இருக்கலாம். 120-க்கு அது 95 முதல் 145 வரை. 130, 110, 125 மூன்றும் உள்ளே. 60 வெளியே. இதில் பிளாண்ட்காரன் வாதாட இடமே இல்லை.

ஏன் இறங்கியது என்றால், மதிய வெயில், நின்ற நேரம், எம்-சாண்ட், அட்மிக்சர் (காங்கிரீட்டை இளக்கமாக வைக்கச் சேர்க்கும் ரசாயனம்) நான்கும் சேர்ந்தது. 120 கேட்ட சைட்டுக்கு நாங்கள் 120-ல் லோடு செய்வதில்லை. தூரத்தையும் வெயிலையும் பார்த்து 150, 160-ல் அனுப்புவோம், வழியில் இறங்கி உங்களிடம் 120 ஆகும். இந்த இறக்கம் எவ்வளவு என்பதை அட்மிக்சர்தான் தீர்மானிக்கும். விலை குறைந்த நாப்தலீன் வகை போட்டால் சட்டென்று இறங்கும், பிசிஇ வகை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். எது போட்டார்கள் என்று கேளுங்கள், சொல்லியாக வேண்டும். இன்னொன்று, வண்டி நிற்கும்போது டிரம் மெதுவாகத்தான் சுற்ற வேண்டும், நிமிடத்துக்கு இரண்டிலிருந்து ஆறு சுற்று. சில டிரைவர்கள் காங்கிரீட் செட் ஆகிவிடும் என்று பயந்து வேகமாகச் சுற்றவிடுவார்கள். சூடு ஏறி இன்னும் சீக்கிரம் இறுகும்.

முறையாகச் செய்திருக்க வேண்டியது இதுதான்: பிளாண்ட் க்யூசிக்கு போன் போட்டு, அந்த மிக்ஸில் போட்ட அதே அட்மிக்சரையே அவர்கள் சொல்கிற அளவில் டிரம்மில் ஊற்றி, மீட்டருக்கு ஒரு நிமிஷம் என்ற கணக்கில் ஆறு மீட்டருக்கு ஆறு நிமிஷம் முழு வேகத்தில் சுற்றிவிட்டு, மறுபடி கோன் வைப்பது. இந்த வகை அட்மிக்சர், அதாவது சூப்பர்பிளாஸ்டிசைசர், மொத்தமாக சிமென்ட் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று காங்கிரீட் கட்டுமானத்துக்கான ஐஎஸ் 456 சொல்கிறது. பிளாண்ட்டில் என்ன போட்டோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும், அதனால்தான் போன் போடச் சொல்கிறேன். தொலைவான சைட்டுக்குப் போகும்போது எங்கள் பையன் கையில் ஒரு கேன் எப்போதும் இருக்கும்.

டிரைவர் தண்ணீர் விடுவதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்த ஆளின் நிலைமை: வண்டி திரும்பி வந்தால் ஆறு மீட்டரை எங்கே கொட்டுவது என்று அவனைத்தான் கேட்பார்கள். டிரம்முக்குள் இறுகிவிட்டால் பிரேக்கர் வைத்து உடைப்பதும் அவன்தான்.

—

தளம் மேஸ்திரி:

தங்கச்சி, மேலே நின்று கத்தினது நான் இல்லை, ஆனால் நானாக இருந்தாலும் கத்தியிருப்பேன். கோபப்படாமல் படியுங்கள்.

உப்புமா மாதிரி வருகிற கலவையைத் தூக்கி பீம்-காலம் சேரும் இடத்தில் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? அங்கே மேல் கம்பி, கீழ்க் கம்பி, காலம் கம்பி, ரிங் எல்லாம் ஒன்றாக மோதிக்கொண்டு நிற்கும். விரல் போகாது. பலகை பிரிக்கும்போது ஜல்லி மட்டும் துருத்திக்கொண்டு பொந்து பொந்தாக நிற்கும். அப்போது ஓனர் வந்து யாரைக் கேட்பார்? இன்ஜினியரையா, டிரைவரையா? "மேஸ்திரி சரியாப் போடல" என்பார். கூலியில் பிடிப்பார்கள். அதனால் எங்களுக்குத் தண்ணீர்தான் துணை.

நீங்கள் தண்ணீர் விடக் கூடாது என்றால் அதற்கு வழி செய்து கொடுங்கள். இரண்டு வைப்ரேட்டர் வேண்டும், ஒன்று ஓடாவிட்டால் இன்னொன்று. கரண்டை நம்பாமல் பெட்ரோல் மெஷின். பீமுக்குள் விட 25 எம்எம் ஊசி, தளத்துக்கு 40. வைப்ரேட்டர் பிடிக்கத் தெரிந்த ஆள் தனியாக. பெரும்பாலான சைட்டில் ஒரே மெஷின்தான் வரும், அதுவும் பாதியில் ஊசி கழன்றுவிடும், ஒரு சித்தாள் கையில் கொடுத்து "பிடி" என்பார்கள். இப்படி வேலை செய்யச் சொல்லிவிட்டு ஸ்லம்ப் 100-ல் போடு என்றால் எப்படி?

—

பழைய ஏ.இ.:

பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக (ஏ.இ.) இருந்து ஓய்வு பெற்றவன். மேஸ்திரி எழுதியதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறுக்கப் போவதில்லை. மிச்சப் பாதிக்குக் கடைசியில் வருகிறேன்.

அம்மா, முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். 60 ஸ்லம்ப் வந்தது கெட்ட காங்கிரீட் இல்லை. ஐஎஸ் 456-ஐத் திறந்து பாருங்கள். கம்பி நெருக்கமான தளம், பீம், காலம் எல்லாவற்றுக்கும் 50 முதல் 100 என்றுதான் இருக்கிறது. கம்பி குறைவான வேலைக்கு 25 முதல் 75 போதும். பம்ப் வழியாகப் போகிற காங்கிரீட்டுக்குத்தான் 75 முதல் 100 கேட்கிறது. உங்கள் 120-கூட பம்ப்காரனின் சௌகரியத்துக்காகக் கூட்டிக் கேட்டதுதான். ஆக, அந்த வண்டியில் இருந்தது பைப்பில் போகாத காங்கிரீட், அவ்வளவுதான். கீழே கிரேடு பீமோ செப்டிக் டேங்க் தளமோ மிச்சம் இருந்திருந்தால், வண்டியின் சூட்டை (காங்கிரீட் வழிந்து இறங்கும் சரிவுத் தகட்டை) திருப்பி அங்கே போட்டு, வைப்ரேட்டர் விட்டு முடித்திருக்கலாம். நல்ல காங்கிரீட்டாகவே இருந்திருக்கும். டிரைவர் ஹோஸைத் திறந்த பிறகுதான் அது என்ன காங்கிரீட் என்று யாருக்கும் தெரியாமல் போனது.

கோன் வலிமையைச் சொல்லாது. எம்15-ம் 120 காட்டும், எம்40-ம் 120 காட்டும். இந்த வண்டி போன வண்டியைப் போல இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று உங்களைக் கேட்க வைப்பதுதான் அதன் வேலை. மாறிவிட்டது என்றால் பெரும்பாலும் தண்ணீர் மாறியிருக்கும். மழைக்கு மறுநாள் காலை முதல் வண்டி தளதளவென்று வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு மீட்டர் காங்கிரீட்டில் மணல் 750 கிலோ என்று வையுங்கள். ஈரம் 2 சதவீதம் கணக்கில் தவறினாலே 15 லிட்டர் தண்ணீர் சொல்லாமல் உள்ளே வந்துவிடும். டிரம் கழுவிய தண்ணீரைக் கொட்டாமலே லோடு ஏற்றுகிற வண்டிகளும் உண்டு.

உங்கள் வண்டிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மிக்ஸ் கணக்கிடுவதற்கான ஐஎஸ் 10262, 20 மி.மீ. ஜல்லிக்கு 50 மி.மீ. ஸ்லம்ப் வேண்டுமானால் மீட்டருக்கு 186 லிட்டர் தண்ணீரில் தொடங்குகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் 3 சதவீதம் கூட்டச் சொல்கிறது. அட்மிக்சர் இருப்பதால் உங்கள் மிக்ஸில் 165 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 25 மி.மீ.க்கு மீட்டருக்கு 5 லிட்டர். 60-ஐ 120 ஆக்க 12 லிட்டர், ஆறு மீட்டருக்கு 72. சிமென்ட் 340 கிலோ என்றால் தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.485-லிருந்து 0.52-க்குப் போகிறது. வெளிச்சுவர், பால்கனி போன்ற மிதமான நிலைமைக்கு ஐஎஸ் 456 வைத்திருக்கிற எல்லை 0.50. ஆக, கணக்காக விட்டாலே எல்லை தாண்டுகிறது. அளக்காமல் 200 லிட்டர் போயிருந்தால்? மீட்டருக்கு 33 லிட்டர், விகிதம் 0.58. தண்ணீர்-சிமென்ட் விகிதம்தான் வலிமையை ஆள்கிறது என்று டஃப் ஏப்ரம்ஸ் சிகாகோவில் 1918-லேயே காட்டிவிட்டார். 0.58-ல் எம்25 கேட்பது பேராசை. வலிமை மட்டுமில்லை, அந்தக் கூடுதல் தண்ணீர் காய்ந்து போன இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். மேலே மழைத் தண்ணீர் தேங்கும் மொட்டை மாடியாக இருந்தால் அதன் விளைவு கம்பியில் தெரியும், கொஞ்ச வருஷம் கழித்து. பல வண்டிகளில் தண்ணீர் டேங்க்கில் அளவு காட்டும் கண்ணாடிக் குழாய் இருக்கும். அடுத்த முறை வண்டி வந்தவுடன் அதை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். போகும்போது இன்னொன்று. வாய்ச் சண்டை வேண்டியதில்லை.

சரிந்து விழுந்த கோன். அதன் பெயர் ஷியர் ஸ்லம்ப். அதே வண்டியிலிருந்து வேறொரு மாதிரி எடுத்து மறுபடி ஒரு முறை செய்ய வேண்டும், மறுபடியும் சரிந்தால் "ஷியர்" என்றே எழுத வேண்டும். எண் எழுதக் கூடாது. கலவைக்குள் பிடிப்பு இல்லை என்று அர்த்தம். உங்கள் விஷயத்தில் காரணம் தெளிவு. ஹோஸ் தண்ணீர் டிரம்மின் வாய்ப் பக்கம் இருந்த காங்கிரீட்டில் விழுந்தது, முழு வேகத்தில் சுற்றவில்லை, முதலில் இறங்கிய பங்குதான் அத்தனை தண்ணீரையும் குடித்தது. அப்படியானால் மேலே போன பாதி வண்டியும் ஒரே சீராக இருக்காது. முதல் மீட்டர் சாறாகவும் அடுத்தது கட்டியாகவும் போயிருக்கும். எங்கே கொட்டினார்கள் என்று நினைவிருக்கும்போதே பிளானில் குறித்து வையுங்கள்.

கோன் வைப்பதில் கவனிக்க வேண்டியவை சில. தட்டு இரும்பாக, சமமாக இருக்க வேண்டும். தரையில், காய்ந்த பிளைவுட்டில் வைத்தால் அது தண்ணீரை உறிஞ்சி உங்கள் எண்ணைக் கெடுக்கும். கோனையும் தட்டையும் நனைத்துவிட்டு, தண்ணீர் தேங்காமல் துடைக்க வேண்டும். காது இரண்டிலும் காலை வைத்து அழுத்தி நிற்க வேண்டும். இரண்டாவது அடுக்கைக் குத்தும்போது கம்பி முதல் அடுக்குக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும். மேலே வழித்துவிட்டு, கோனைச் சுற்றிச் சிந்தியதை எடுத்துவிட்டு, இரண்டிலிருந்து ஐந்து விநாடிக்குள் நேராகத் தூக்க வேண்டும். திருகக் கூடாது, சைட்டில் பாதிப் பேர் திருகித்தான் எடுக்கிறார்கள். நிரப்பத் தொடங்கியதிலிருந்து தூக்கும்வரை இரண்டரை நிமிஷத்துக்குள் முடிய வேண்டும். அளந்து முடித்த பிறகு குத்தும் கம்பியால் காங்கிரீட்டின் பக்கவாட்டில் லேசாகத் தட்டிப் பாருங்கள். நல்ல கலவை அப்படியே மெல்ல உட்காரும். பிடிப்பில்லாதது உதிர்ந்து விழும். இது எந்த நோட்டிலும் எழுதுகிற எண் இல்லை, ஆனால் நான் அந்த எண்ணைவிட இதைத்தான் நம்புவேன்.

சூட்டில் முதலில் விழுவதை எடுக்காதீர்கள். கொஞ்சம் போன பிறகு எடுங்கள். ஒரு முறை பைப் நுனியிலும் கோன் வைத்துப் பாருங்கள். பம்ப்புக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்தால் ஆர்டர் போடும்போது உதவும். ஏற்பதும் மறுப்பதும் மட்டும் வண்டியில் எடுத்த அளவை வைத்துத்தான்.

இனி ஜாயின்ட் பயம். நியாயமான பயம்தான். வண்டியைத் திருப்பினால் அடுத்த வண்டி வர எவ்வளவு நேரம், அதற்குள் போட்ட விளிம்பு உயிரோடு இருக்குமா என்று பார்க்க வேண்டும். வைப்ரேட்டர் ஊசியை ஓடவிட்டு அந்த விளிம்பில் வையுங்கள். தன் எடையிலேயே இறங்கி, எடுக்கும்போது குழி மூடிக்கொண்டால் இன்னும் நேரம் இருக்கிறது. குழி அப்படியே நின்றால் நேரம் போய்விட்டது. அப்போது தண்ணீர் விட்டு ஓட்டுவதைவிட ஸ்பேனின் (இரண்டு தாங்கலுக்கு இடைப்பட்ட நீளத்தின்) நடு மூன்றில் ஒரு பாகத்தில் பலகை வைத்து நேராக நிறுத்திவிடுவது மேல். மறுநாள் அந்த முகத்தைக் கொத்திச் சுத்தம் செய்துவிட்டுத் தொடரலாம். திட்டமிட்டு நிறுத்திய ஜாயின்ட்டால் வீடு விழுந்ததாக நான் பார்த்ததில்லை.

மேஸ்திரி, உங்களுக்கு. இரண்டு வைப்ரேட்டர் கேட்டீர்கள், சரி. தெரிந்த ஆள் கேட்டீர்கள், சரி. அது கிடைக்காத நாளில் காங்கிரீட்டே போடக் கூடாது என்று கேட்டிருந்தால் இன்னும் சரி. தண்ணீர் விட்டால் பொந்து வராது என்று நினைக்கிறீர்கள். நீர்த்த கலவையில் ஜல்லி தனியாக அடியில் இறங்கி, சாறு பலகை இடுக்கில் ஓடிவிடும். அதுவும் பொந்துதான், காரணம் மட்டும் வேறு.

—

வீடு கட்டுகிறேன்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கரூர்ப் பக்கம் சின்ன வீடு, 700 சதுர அடி. ரெடிமிக்ஸ் கட்டுப்படியாகாது, எங்கள் தெருவுக்குள் அந்த வண்டி திரும்பவும் திரும்பாது. மில்லர் மெஷினில்தான் கலக்கப் போகிறார்கள். எங்களுக்கு இந்தக் கோன் எல்லாம் தேவையா? இல்லை, கையில் உருட்டிப் பார்த்தால் போதுமா?

—

தளம் மேஸ்திரி:

ஐயா சொன்னதற்கு அப்புறம் வருகிறேன்.

தம்பி, கையில் உருட்டிப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம், உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஒன்று செய்யுங்கள். மில்லர் பக்கத்தில் ஒரு டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்து, பக்கெட்டில் கோடு போட்டுக் கொடுங்கள். டியூபை மில்லருக்குள் நேராக விட யாரையும் விடாதீர்கள். மூட்டைக்கு இத்தனை என்று தண்ணீர் ஒரே அளவாகப் போனாலே கலவை ஒரே மாதிரி வரும். மணல் நனைந்திருந்தால் கோட்டைக் கீழே இறக்குங்கள். மெஷின்காரன் முணுமுணுப்பான், டீ வாங்கிக் கொடுங்கள்.

—

பழைய ஏ.இ.:

கரூர் தம்பிக்கு அளவு சொல்கிறேன். எம்20 நாமினல் மிக்ஸுக்கு (தனி டிசைன் இல்லாமல் நிலையான விகிதத்தில் கலப்பது) ஐஎஸ் 456 மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர் என்கிறது. அதே புத்தகத்தில் இன்னொரு அட்டவணை எம்20-க்கு விகிதம் 0.55-ஐத் தாண்டக் கூடாது என்கிறது, அது 27.5 லிட்டர். நான் 27-க்கு மேல் விட மாட்டேன். மணலில் இருக்கிற ஈரமும் இதற்குள் அடக்கம். மூட்டைக்கு ஏறக்குறைய 80 கிலோ மணல் போகும், 4 சதவீதம் ஈரம் என்றால் மூன்று லிட்டருக்குச் சற்று மேல் அதிலேயே வந்துவிடுகிறது. அன்றைக்கு பக்கெட்டில் 24-ஐத் தாண்ட வேண்டாம். கோன் இருந்தால் நல்லது, லேப் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும், பக்கத்தில் இன்ஜினியரிங் காலேஜ் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் மேஸ்திரியின் பக்கெட் கோடு போதும்.

—

பாளை சைட்:

எல்லோருக்கும் நன்றி. ஏ.இ. ஐயா, 60 கெட்ட காங்கிரீட் இல்லை என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அன்றைக்கு அந்த இடத்தில் "ஸ்லம்ப் குறைவு, ரிஜெக்ட்" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது, யாரும் காது கொடுக்கவில்லை.

அடுத்த மாடிக்கு கான்ட்ராக்டரிடம் பேசிவிட்டேன். ஆர்டரில் "சைட்டில் ஸ்லம்ப் 120, பிளாண்ட் க்யூசி ஆள் அட்மிக்சர் கேனுடன் சைட்டில் இருக்க வேண்டும், சைட் இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் தண்ணீர் சேர்க்கக் கூடாது" என்று போடச் சம்மதித்துவிட்டார். வண்டிகளை ஒன்றன் பின் ஒன்றாக அனுப்பாமல், ஒன்று காலியாகும்போது நான் போன் செய்த பிறகு அடுத்ததை லோடு செய்யச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது வைப்ரேட்டருக்குத்தான் இன்னும் இழுக்கிறார். காலை ஏழு மணிக்கே முதல் வண்டி என்று வைத்திருக்கிறோம்.

மிச்சம் இருப்பது போட்டு முடித்த தளம். வலிமை சோதிக்க வார்க்கிற கியூப் எல்லாமே முதல் வண்டியிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள், பிளாண்ட் ஆட்கள் எடுத்துப் போய்விட்டார்கள். மூன்றாவது வண்டிக்குக் கியூப் கிடையாது. அந்தப் பகுதியை எப்படி நம்புவது? கான்ட்ராக்டர் "முதல் வண்டி கியூப் பாஸ் ஆனால் எல்லாம் பாஸ்" என்கிறார்.

—

பிளாண்ட் ஆள்:

மூன்றாவது வண்டியின் பேட்ச் ஷீட்டைக் கேளுங்கள். சலான் இல்லை, கம்ப்யூட்டர் பிரின்ட். சிமென்ட், மணல், ஜல்லி, தண்ணீர், அட்மிக்சர் ஒவ்வொன்றும் எத்தனை கிலோ விழுந்தது என்று அதில் இருக்கும். லோடு ஆனபோது விகிதம் எவ்வளவு என்பது அதிலிருந்து தெரியும். 0.45-ல் லோடு ஆகியிருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. 0.49 என்றால் இல்லை. வாடிக்கையாளர் கேட்டால் தர வேண்டும், தயங்கினால் மெயிலில் கேளுங்கள்.

24 மீட்டருக்கு மூன்று சாம்பிள் எடுக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் மூன்று கியூப். எல்லாவற்றையும் முதல் வண்டியில் எடுத்தது எங்கள் தொழிலில் ரொம்பப் பழைய வழக்கம். காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை எந்த வண்டியில் எடுப்பது என்று நீங்கள் சொல்லுங்கள், முன்கூட்டியே சொல்லாதீர்கள்.

—

பழைய ஏ.இ.:

முதல் வண்டி கியூப் முதல் வண்டிக்குத்தான் பேசும்.

28 நாள் ஆனதும் ரீபவுண்ட் ஹேமர் (மேற்பரப்பில் அடித்துக் கடினத்தைப் பார்க்கும் கருவி) அடியுங்கள். அதன் எண்ணை எம்25, எம்22 என்று நேராக மாற்றிப் படிக்காதீர்கள், அது 25 சதவீதம் முன்னே பின்னே இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அது. முதல் வண்டி, நான்காவது வண்டி விழுந்த இடங்களில் ஒரு வரிசை, மூன்றாவது விழுந்த இடத்தில் ஒரு வரிசை, எல்லாமே தளத்தின் அடிப்பக்கத்தில், பலகை பட்ட வழவழப்பான முகத்தில், ஹேமரை ஒரே திசையில் பிடித்து. ஓரிடம் ஈரமாக, ஓரிடம் காய்ந்து இருக்கக் கூடாது. மேல் முகத்தில் அடித்தால் அங்கே ஏறி நிற்கிற சிமென்ட் பால்தான் எண் சொல்லும்.

இரண்டு வரிசையும் ஒட்டி வந்தால் விட்டுவிடலாம். மூன்றாவது தெளிவாகக் கீழே இருந்தால் அந்தப் பகுதியில் மூன்று கோர் (துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுக்கச் சொல்லுங்கள். கம்பியைத் தவிர்க்க முதலில் கவர் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். சராசரி அந்த கிரேடின் கியூப் வலிமையில் 85 சதவீதமாவது, தனித்தனியாக எதுவும் 75-க்குக் கீழே போகாமல் இருந்தால் ஐஎஸ் 456 அதை ஏற்றுக்கொள்கிறது. எம்25-க்கு அது 21.25, 18.75.

அதுவரை இரண்டு காரியம். சிமென்ட் பிபிசியா (சாம்பல் கலந்த சிமென்ட்டா) என்று பாருங்கள். பிபிசி என்றால் 14 நாள் தண்ணீர் கட்டி வையுங்கள், மேலே செங்கல் அடுக்க அவசரப்படுத்துவார்கள், விடாதீர்கள். முட்டு எடுப்பதிலும் மூன்றாவது வண்டி விழுந்த பகுதியைத் தனியாக வையுங்கள். நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு 7 நாளில் எடுக்கலாம் என்று இருப்பது சாதா சிமென்ட்டுக்கும் சரியான காங்கிரீட்டுக்கும். அந்தப் பகுதிக்கு ஹேமர் அடித்துப் பார்க்கும்வரை முட்டு நிற்கட்டும், சென்ட்ரிங்காரரின் வாடகை கான்ட்ராக்டர் கணக்கில்.

—

பாளை சைட்:

பேட்ச் ஷீட் வந்துவிட்டது ஐயா. தண்ணீரும் சிமென்ட்டும் வகுத்தால் 0.47. சிமென்ட் பிபிசிதான். முட்டு விஷயத்தைச் சொன்னேன், கான்ட்ராக்டர் முகம் மாறியது, ஆனால் சரி என்றுவிட்டார். ஹேமர் அடிக்க ஊரில் இருக்கிற ஒரு காலேஜ் லேப்பில் கேட்டிருக்கிறேன். அடிப்பக்கத்தில் அடிப்பதற்கு முன் முட்டுப் பலகையை எடுக்க வேண்டுமே, முட்டு நிற்க வேண்டும் என்றால் எப்படி?

—

பழைய ஏ.இ.:

முழுவதும் எடுக்க வேண்டாம். இரண்டு முட்டுக்கு நடுவில் ஒரு தகடு மட்டும் கழற்றினால் ஹேமர் அடிக்க இடம் கிடைக்கும். முட்டுகள் அசையக் கூடாது. சென்ட்ரிங் ஆள் இல்லாமல் நீங்களாகக் கழற்றாதீர்கள். எந்தத் தகடு என்று சாக்பீஸில் இப்போதே குறித்துவிடுங்கள். 0.47-ல் லோடு ஆன வண்டியில் டிரைவர் 30 லிட்டர் விட்டிருந்தால் மீட்டருக்கு 5, விகிதம் 0.485; 60 லிட்டர் என்றால் 0.50-ஐ ஒட்டி. அதற்கு மேல் போனதா என்பதை ஹேமர்தான் சொல்ல வேண்டும். எண்கள் வந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.